காளானுக்கு வியர்க்கக் கூடாது

காய்கறிக் கடையில் 200 கிராம் மொட்டுக் காளான் டப்பாவைக் கையில் எடுத்ததும் தேதியைத் தேடுவது நல்ல பழக்கம்தான். அதற்கு முன்னால் மேலே இழுத்து ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பாருங்கள். உட்பக்கம் பொடிப்பொடியாக நீர்முத்து கோத்திருந்தால், தேதி என்ன சொன்னாலும் அதை வைத்துவிட்டு வேறு டப்பாவை எடுங்கள். அந்த ஈரம் யாரும் தெளித்ததில்லை, காளானே விட்டது. குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே வந்து சூடேறி, மறுபடி குளிருக்குள் போன டப்பாதான் பெரும்பாலும் இப்படி வியர்த்திருக்கும்.

பறித்த பிறகும் காளான் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜனை இழுக்கிறது, கரியமில வாயுவையும் நீராவியையும் வெளியே தள்ளுகிறது, கொஞ்சம் சூட்டையும் கிளப்புகிறது. வெங்காயமும் உருளைக்கிழங்கும்கூட மூச்சுவிடுபவைதான். ஆனால் அவற்றுக்குத் தோல் என்று ஒன்று இருக்கிறது, வேகமும் குறைவு. காளானுக்கு அப்படிப் போர்வை எதுவும் கிடையாது. எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதை உள்ளே தக்கவைக்கத் தடுப்பே இல்லை. வெளியேறும் ஈரம் போக வழியிருந்தால் காளான் மெல்ல வாடும். வழி அடைபட்டால் அந்த ஈரம் திரும்பக் குடையின் மேலேயே சொட்டும், பாக்டீரியா பெருகும், பழுப்புப் புள்ளி விழும், கடைசியில் வழவழப்பு வரும். காளானை வீட்டில் பத்திரமாக வைப்பதற்கான எல்லா வழிமுறைகளும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறப்பவை.

தண்ணீர் முத்து இல்லாத டப்பா கிடைத்துவிட்டால் அடுத்து குடையின் அடிப்பக்கம். நல்ல மொட்டுக் காளானில் குடையின் விளிம்பும் தண்டும் ஒரு மெல்லிய சவ்வால் மூடியிருக்கும். சவ்வு கிழிந்து, உள்ளே பழுப்பு மடிப்புகள் தெரிந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று பொருள். அதைச் சாப்பிடலாம், அன்றே சமைக்க வேண்டும், சேமித்து வைக்கும் சரக்கு அது இல்லை. தண்டின் வெட்டுமுனை லேசாகப் பழுப்பாகியிருப்பதில் பயமில்லை. டப்பாவை மூக்கருகே கொண்டுபோனால் மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். மீன் வாடையோ, மூக்கில் ஏறும் அமோனியா நெடியோ வந்தால் வாங்காதீர்கள்.

அந்தப் பிளாஸ்டிக் தாளில் ஊசி குத்தியதுபோல் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளை காளான் அழுகாமல் இருக்க மட்டும் போட்டதில்லை. முழுக்க மூடிய உறைக்குள் காளான் தன் மூச்சாலேயே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாத, ஈரமான, புளிப்பில்லாத இடம்தான் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குத் தேவையான வீடு. நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரப்பது அது. மூடிய உறையில், குளிர்ச்சி இல்லாமல் வைத்த பச்சைக் காளானில் அது வளர முடியும் என்று 1975இல் அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரை வந்தது. உறையில் துளையிடும் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கவலைதான். எனவே டப்பாவைப் பிரித்து மிச்சத்தை ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுவது, கொத்தமல்லிக்குச் செய்வதை விடவும் மோசமான காரியம். சமையல்மேடையில் அப்படி ஒரு கவரை மறந்துபோய் வைத்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. சந்தைக்குப் போனால் காளானைக் கடைசியாக வாங்குங்கள். வண்டியின் முன்பெட்டியில் வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் ஒரு நாள் ஆயுள் போயிற்று. வந்தவுடன் பிளாஸ்டிக் தாளை உரித்து, அகலமான பாத்திரத்தில் அல்லது அதே டப்பாவில் அடியில் ஒரு காய்ந்த பருத்தித் துணியோ டிஷ்யூ தாளோ விரித்து, காளானை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் பரப்புங்கள். மேலே இன்னொரு துணியைத் தளர்வாகப் போர்த்துங்கள். மளிகைக் கடையின் பழுப்புக் காகித உறை இருந்தால் அதில் போட்டு வாயை ஒரு மடி மடித்தாலே போதும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், காற்றையும் விடும். அச்சடித்த செய்தித்தாளில் மை இருக்கிறது, நேரே உணவில் பட வேண்டாம்.

ஃபிரிட்ஜில் நடுத்தட்டு அல்லது கீழ்த்தட்டு சரியான இடம். ஃப்ரீசருக்கு ஒட்டிய மேல்தட்டில், குளிர்காற்று வரும் துளைக்கு நேரே வைத்தால் ஓரம் உறைந்து, வெளியே எடுத்ததும் கண்ணாடிபோல் ஆகித் தண்ணீர் விடும். கோழி, மீன் பாத்திரத்துக்குக் கீழே ஒருபோதும் வைக்காதீர்கள். நறுக்கிய வெங்காயம், கருவாடு பக்கத்திலும் வேண்டாம், காளான் வாடையை வாங்கிக்கொள்ளும். குளிர் 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காமல் வைத்திருங்கள், 4 மணி நேரம் வரை உள்ளே குளிர் தாக்குப்பிடிக்கும்.

முக்கியமாக, கழுவி வைக்காதீர்கள். நறுக்கியும் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுக்கக் காய் நறுக்கி டப்பாவில் போடும் வீடுகளில் காளான் மட்டும் அந்த வரிசையில் சேரக் கூடாது. கழுவிய காளானுக்கு மேலே ஒட்டிய ஈரம் ஒரு கேடு, நறுக்கிய காளானுக்கு வெட்டுப்பட்ட பரப்பு முழுக்கக் கேடு. வெட்டியதும் பழுப்பாவது கத்தரிக்காய் கறுப்பதுபோல் நொதியின் வேலைதான், அதனால் ஆபத்தில்லை. ஆனால் அந்த வெட்டிலிருந்து கசியும் சாறு பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

இப்போது எத்தனை நாள் வைக்கலாம் என்ற கேள்வி. இதற்கு ஒரே பதில் இல்லை, வகைக்கு வகை மாறும். மொட்டுக் காளான் இப்படிக் காகிதத்தில் வைத்தால் 5 நாள், நல்ல சரக்காக இருந்தால் ஒரு வாரம். சிப்பிக் காளான் மெல்லியது, விளிம்பு சீக்கிரம் முறியும், 2 அல்லது 3 நாளுக்குள் சமைத்துவிடுங்கள். பால் காளான் தான் நம் ஊர் வெப்பத்துக்குப் பிறந்த வகை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்ட பிறகு சமவெளி விவசாயிகளிடம் பரவியது. ஊட்டி, கொடைக்கானல் குளிரையோ குளிரூட்டிய கொட்டகையையோ கேட்கும் மொட்டுக் காளான்போல் இல்லாமல், 30 டிகிரிக்கு மேலும் விளையும். தண்டும் குடையும் கெட்டியாக, வெள்ளைவெளேர் என்று இருக்கும். பறித்த பிறகும் மற்ற இரண்டையும்விட நாள் தாங்கும், சீக்கிரம் பழுப்பாகாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். வெளியூருக்குக் காளான் கொண்டுபோக வேண்டுமென்றால் பால் காளானைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வைக்கோல் காளான் இதற்கெல்லாம் நேர் எதிர். முட்டை வடிவத்தில் சாம்பல் நிறத்தில் வரும் அந்த வகை வெப்பமண்டலத்துப் பிறவி, ஃபிரிட்ஜ் குளிரைத் தாங்காது. 4 டிகிரியில் வைத்தால் இரண்டொரு நாளில் கூழாகி ஒழுகிவிடும். கிடைத்தால் நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்து அன்றே சமைத்துவிடுங்கள்.

கெட்டதா, வாடியதா?

அதிகம் வீணாவதும், அதிகம் தவறாகச் சாப்பிடப்படுவதும் இந்த இடத்தில்தான். ஃபிரிட்ஜில் நாலு நாள் இருந்த காளானை எடுத்துக் கையில் உருட்டிப் பாருங்கள். குடை சுருங்கி, தோல் கோடுகோடாக, தொட்டால் காய்ந்த கன்றுத்தோல்போல் இருந்தால் அது வெறும் வாட்டம். நீர் போயிருக்கிறது, அவ்வளவுதான். வறுவலுக்கு அது புதுக் காளானைவிடவே நல்லது, வாசனை செறிந்திருக்கும். அதே காளான் விரலில் பிசுபிசு என்று ஒட்டி, விரலை எடுக்கும்போது மெல்லிய நூல்போல் இழுத்தால் அது பாக்டீரியாக் கூட்டம். கழுவினால் வழவழப்பு போகும், உள்ளே இறங்கியது போகாது. குப்பைக்கு.

பழுப்புப் புள்ளியில் இரண்டு வகை. அழுத்தியதால், உரசியதால் வந்த மங்கலான திட்டு மேலோட்டமானது, சீவிவிட்டுச் சமைக்கலாம். குழிவிழுந்து, ஈரமாக, கருஞ்சாக்லேட் நிறத்தில் இருக்கும் புள்ளி நோய்ப்புள்ளி. ஒன்றில் இருந்தால் அதை மட்டும் எறியுங்கள், பாதி டப்பாவில் இருந்தால் மொத்தத்தையும்.

சிப்பிக் காளானில் ஒரு விஷயம் பலரையும் பயமுறுத்துகிறது. ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்தால் தண்டின் அடியிலும் சில சமயம் குடையின் மேலும் பஞ்சுபோல் வெள்ளையாகப் பூக்கும். பூசணம் என்று நினைத்து நல்ல சரக்கைக் கொட்டுகிறார்கள். அது காளானின் சொந்த இழை. உயிரோடு இருப்பதால் ஈரம் கண்ட இடத்தில் மறுபடி வளரப் பார்க்கிறது. அந்தப் பஞ்சு தூய வெள்ளையாக, காளானோடு ஒட்டி, கெட்ட வாடை இல்லாமல் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சை, நீலம், கறுப்பு, ரோஜா நிறத்தில் பொடியாகப் பூத்தால் அது வேறு பூஞ்சை. அந்த இடத்தை மட்டும் வெட்டி மிச்சத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், இழை உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கழுவலாமா, துடைக்கலாமா?

காளானைத் தண்ணீரில் காட்டவே கூடாது, பஞ்சுபோல் உறிஞ்சிவிடும் என்ற பேச்சு வெளிநாட்டுச் சமையல் நிகழ்ச்சிகள் வழியாக நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. சமையல் தராசு வைத்திருப்பவர்கள் தாங்களே சோதிக்கலாம். 200 கிராம் மொட்டுக் காளானை எடை போட்டு, அரை நிமிடம் தண்ணீரில் அலசி, வடித்து, துணியில் ஒற்றி மறுபடி எடை போடுங்கள். ஏறுவது சில கிராம்தான். ஏற்கனவே 180 கிராம் தண்ணீர் உள்ள பொருளுக்கு இது பெரிய கணக்கே இல்லை. ஊறப்போட்டால், அதுவும் குடை விரிந்து மடிப்பு தெரியும் காளானை ஊறப்போட்டால், அப்போதுதான் தண்ணீர் நிறையத் தங்கும்.

மொட்டுக் காளான் வளர்வது வைக்கோலையும் கோழி எருவையும் மக்கவைத்து, நீராவியில் சூடாக்கிய கம்போஸ்ட்டில். அதன்மேல் பரப்பிய மேல்மண்ணின் துணுக்குகள்தான் தண்டில் கறுப்பாக ஒட்டியிருப்பவை. சூடாக்கிய மண் என்பதற்காக அதைச் சாப்பிட வேண்டியதில்லை, பறிக்கும் கையும் ஏற்றும் பெட்டியும் பட்டு வந்த பொருள். நான் சொல்வது இதுதான்: கழுவுங்கள், வேகமாகக் கழுவுங்கள், அடுப்பு பற்றவைக்கும் முன்தான் கழுவுங்கள்.

முதலில் ஒவ்வொரு காளானின் தண்டு நுனியையும் அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எறியுங்கள். மண்ணில் பாதிக்குமேல் அங்கேயே போய்விடும். இந்த வரிசை முக்கியம். முதலில் கழுவிவிட்டு அப்புறம் நறுக்கினால் அடியில் இருந்த மண் பாத்திரத்துத் தண்ணீரில் கரைந்து எல்லாக் குடையிலும் ஏறும். பிறகு ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, கையால் பத்து எண்ணும் வரை அலசி, கையாலேயே அள்ளி வெளியே எடுங்கள். பாத்திரத்தோடு சல்லடையில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி காளான்மேலேயே விழும். இன்னொரு தண்ணீரில் ஒருமுறை அலசி, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். குடையின் தோலை உரிக்கத் தேவையில்லை, அது நேரத்துக்கும் காளானுக்கும் நஷ்டம்.

மைதா தூவித் தேய்த்துக் கழுவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மாவு மெல்லிய உராய்பொருளாக அழுக்கைப் பிடித்து இழுக்கிறது, அதனால் வெள்ளையாகத் தெரிகிறது. செய்ய விரும்பினால் செய்யலாம், ஆனால் மாவு முழுக்கப் போகும்வரை அலசாவிட்டால் வாணலியில் பசையாகி அடிப்பிடிக்கும். மஞ்சள்தூள் கலந்த வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைப்பதைப் பற்றி எனக்கு நல்ல கருத்து கிடையாது. அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதாது, காளானின் ருசியை மட்டும் தண்ணீரில் இறக்கிவிடும். மஞ்சளைக் குழம்பில் போடுங்கள்.

சில உற்பத்தியாளர்கள் வெண்மை நிற்பதற்காகப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் காளானை அலசி அனுப்புவது உண்டு. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். லேபிளைப் படிப்பதும், நன்றாக அலசுவதும் அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

சிப்பிக் காளானுக்கு வேறு கவனம். வைக்கோல் உருளையிலிருந்து கொத்தாகப் பறித்தது, கொத்தின் அடிக்கட்டை ரப்பர்போல் இருக்கும், வைக்கோல் துணுக்கும் ஒட்டியிருக்கும். அதை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு இதழையும் திருப்பி வெளிச்சத்தில் மடிப்புகளைப் பாருங்கள். காளான் கொட்டகையில் சிறு ஈக்கள் முட்டையிடும். மடிப்புக்குள் நூல்போல் வெள்ளைப் புழுவோ, குதிக்கும் பொடிப்பூச்சியோ இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து 5 நிமிடம் அமிழ்த்திவையுங்கள், இருந்தால் வெளியே வந்து மிதக்கும். அலசிவிட்டு உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து மெதுவாக அழுத்திப் பிழியலாம், சிப்பிக் காளான் அதைத் தாங்கும். கத்தி வேண்டாம், இழைவாட்டில் கையாலேயே கிழியுங்கள். பால் காளானில் மண்ணுக்குள் இருந்த தண்டின் அடி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். தண்டு கெட்டி என்பதால் குடையைவிட மெல்லியதாக நறுக்கினால்தான் இரண்டும் ஒன்றாக வேகும்.

வாணலியில்

காளானின் செல்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருப்பது அதுதான். கத்தரிக்காயும் உருளையும் வேகவேகக் குழைவதுபோல் காளான் குழையாது. அரை மணி நேரம் வேகவிட்டாலும் கடிக்கக் கிடைக்கும். ஆகவே அதிகம் வெந்துவிடுமோ என்று பயந்து அரைவேக்காட்டில் இறக்கக் காரணமே இல்லை.

200 கிராம் காளானுக்கு அகலமான வாணலியோ தோசைக்கல்லோ வேண்டும். குறுகிய சட்டியில் குவித்தால் தன் நீரிலேயே வெந்து வெளிறிப்போகும். கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் இல்லாமலேயே காளானைப் பரப்பி, பெருந்தீயில் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் கொப்பளித்து வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. அது வற்றும்வரை கிளறுங்கள், ஐந்தாறு நிமிடம் ஆகும். ஓசை மாறுவதைக் கவனியுங்கள். சளசள என்று கொதித்தது அடங்கி, சுரீர் என்று பொரியும் ஓசை வந்தால் நீர் தீர்ந்தது. இப்போது எண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், மிளகு, எது வேண்டுமோ போடலாம். அதற்கு முன்பே எண்ணெய் ஊற்றினால் காளான் அதை உறிஞ்சிக்கொள்ளும், நீங்கள் மறுபடி ஊற்றுவீர்கள். உப்பும் இந்தக் கட்டத்தில்தான். காளான் பாதியாகச் சுருங்கியிருக்கும், முதலிலேயே கண்ணளவில் போட்டால் கடைசியில் கரிக்கும்.

பிரியாணிக்கும் இப்படி ஒருமுறை நீர் வற்ற வதக்கிவிட்டே அரிசியில் சேருங்கள். பச்சையாகப் போட்டுக் குக்கரை மூடினால் காளான் விடும் தண்ணீர் கணக்கில் சேர்ந்து சோறு குழையும். அப்படித்தான் செய்வேன் என்றால் 200 கிராமுக்குக் கால் தம்ளர் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் காளானை மெல்லியதாகச் சீவி சாலட்டில் போடும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. மொட்டுக் காளானில் அகாரிட்டின் என்ற இயற்கைச் சேர்மம் இருக்கிறது, வேகவைத்தால் குறைகிறது. ஷீட்டேக் காளானைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்ட சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் முதுகிலும் மார்பிலும் சவுக்கால் அடித்ததுபோல் கோடுகோடாகத் தடிப்பு வரும். 1977இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட நோய் அது. நூடுல்ஸ் போல் மெல்லிய வெள்ளை எனோக்கிக் காளான் இப்போது நம் நகரக் கடைகளிலும் கிடைக்கிறது. 2016 முதல் 2019 வரை அமெரிக்காவில் கொரியாவிலிருந்து வந்த எனோக்கியில் இருந்த லிஸ்டீரியா பாக்டீரியாவால் 36 பேர் நோயுற்றார்கள், 4 பேர் இறந்தார்கள். லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், கர்ப்பிணிகளுக்கு மிக ஆபத்து. எனோக்கியைச் சூப்பில் இறக்கும்போது தூவாதீர்கள், கொதிக்கவிடுங்கள்.

கொதி சரிசெய்யாதவை

நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெரும்பாலான கிருமிக்கு அது உண்மை. கிருமி ஏற்கனவே விட்டுப்போன நஞ்சுக்கு எப்போதும் உண்மையில்லை. 1989இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன டின் காளானால் பல இடங்களில் வாந்தியும் பேதியும் பரவியது. காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நஞ்சு. பாக்டீரியா செத்த பிறகும் அந்த நஞ்சு சூட்டைத் தாங்கி நின்றது.

வீட்டுக் கணக்குக்கு இதை மாற்றினால்: சமைத்த காளானை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள். மதியம் செய்த காளான் குழம்பை மேடையிலேயே விட்டு இரவு கொதிக்கவைத்துச் சாப்பிடுவது சரியில்லை. காளானை மறுபடி சூடாக்கவே கூடாது என்பது ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துப் பயம். ஆழமில்லாத பாத்திரத்தில் சீக்கிரம் ஆறவைத்துக் குளிரில் வைத்ததை, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கித் தாராளமாகச் சாப்பிடலாம். ஒருமுறை மட்டும்.

காளான் ஊறுகாய்தான் எனக்குப் பெரிய கவலை. மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் புளிப்பு உள்ளேயே இருக்கிறது, அதுதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. காளானில் புளிப்பே இல்லை. அதே பக்குவத்தில் பூண்டும் இஞ்சியும் சேர்த்து வதக்கி, மேலே எண்ணெய் நிற்க பாட்டிலில் அடைத்தால், எண்ணெய் காற்றை மறைத்து முன்னே சொன்ன பொட்டுலினத்துக்கு இடம் செய்து கொடுக்கும். அதன் வித்துகள் 100 டிகிரிக் கொதியில் சாகாது, 121 டிகிரி வேண்டும். விசில் எண்ணிக்கையை நம்பி பாட்டிலின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டியது என்று சொல்ல முடியாது. நஞ்சு ஏறியிருந்தால் வாடையோ நுரையோ காட்டவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காளான் ஊறுகாய் வேண்டுமானால் வினிகர் சேர்த்துக் கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜிலேயே வைத்து, நாலு நாளில் முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதற்கு வீட்டுக் காளான் ஊறுகாய் ஏற்றதில்லை.

நாள்பட வைக்க வேண்டுமென்றால் உலர்த்துவதும் உறையவைப்பதும்தான் நல்ல வழி. உலர்த்தச் சிப்பிக் காளான் சிறந்தது. அரை சென்டிமீட்டர் இழையாகக் கிழித்து, வலைத்துணி மூடிய தட்டில் கோடை வெயிலில், அல்லது உலர்த்தியில் 60 டிகிரியில் காயவிடுங்கள். வளைத்தால் அப்பளம்போல் ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். ஒரு கிலோ ஏறக்குறைய 100 கிராம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்பி இறங்காதீர்கள், காய்வதற்குள் புளித்துவிடும். மடிப்புப் பக்கம் மேலே தெரிய வெயிலில் வைத்தால் காளானில் வைட்டமின் டி உண்டாகிறது என்பது கூடுதல் லாபம். உலர்ந்ததை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டு மேல்நீரை வடித்துக் குழம்பில் கொதிக்கவிடலாம். கறுப்பான மரக்காது காளானை மட்டும் ஒருபோதும் இரவு முழுக்க வெளியில் ஊறப்போடாதீர்கள். நீண்ட நேரம் ஊறியதில் சில சமயம் போங்க்ரெக்கிக் அமிலம் என்ற நஞ்சு உண்டாகி உயிரிழப்புவரை போயிருக்கிறது. அதுவும் கொதியில் அழியாது.

உறையவைக்கப் பச்சையாகப் போடக் கூடாது, நொதி உள்ளே வேலைசெய்து கறுத்துக் கசக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து அதில் 5 நிமிடம் வைத்து, பிறகு இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவையுங்கள். வில்லைக்கு 3 நிமிடம், முழுக் காளானுக்கு 5 நிமிடம். உடனே ஐஸ் நீரில் ஆறவைத்து, ஒற்றி, ஒருவேளைக்கு ஆகும் அளவில் பொட்டலமாக்குங்கள். எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி ஆறவைத்தும் போடலாம், அதுதான் ருசி. எடுத்து உருக்காமல் நேரே வாணலியில் போடுங்கள்.

கடைசியாக, மழைக்காலக் காளான். இடி இடித்ததும் புற்றடியில் முளைக்கும் புற்றுக்காளானின் ருசி தெரிந்தவர்களுக்கு அதை விடச் சொல்வது கஷ்டம். ஆனால் அதே மழையில் புல்வெளியிலும் தென்னந்தோப்பிலும் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான் முளைக்கிறது. சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். புற்றுக்காளானுக்குக் குடை நடுவில் கூர்ந்த முனை, மண்ணுக்குள் புற்றுவரை இறங்கும் நீண்ட வேர்போன்ற தண்டு, வித்துத்தூள் இளஞ்சிவப்பு. மற்றதன் தண்டில் வளையம், முதிர்ந்தால் மடிப்பு பச்சை. இளசாக இருக்கும்போது அந்தப் பச்சை தெரியாது என்பதுதான் சிக்கல். இதைப் படித்துவிட்டு யாரும் பறிக்கப் போகாதீர்கள். அந்த மண்ணில் பல ஆண்டுகளாகப் பறித்துச் சாப்பிடுபவர் கையோடு வேரடிவரை தோண்டிக் காட்டினால் மட்டுமே நம்பலாம். வெள்ளிக் காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, பூச்சி கடித்திருக்கிறது என்ற சோதனைகள் எதுவும் நஞ்சைக் காட்டாது.

உலகில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு அமானிட்டா இனக் காளான்களில் உள்ள அமாடாக்சின் என்ற நஞ்சால் வருகிறது. அது கொதிக்கோ உலர்த்தலுக்கோ அழியாது. முதல் அறிகுறி வரவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும், சில சமயம் ஒரு நாள். வாந்தி, பேதி வந்து, மறுநாள் தெளிந்ததுபோல் இருக்கும். அந்தத் தெளிவின்போதுதான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். ஆகவே காட்டுக் காளான் சாப்பிட்ட வீட்டில் ஒருவருக்கு வயிறு கலங்கினாலும், சரியாகிவிட்டது என்று தோன்றினாலும், 108ஐ அழைத்துச் சாப்பிட்ட எல்லோரும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சமைக்காமல் மிஞ்சிய காளானையும், நறுக்கி எறிந்த தண்டுகளையும் குப்பையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் போய்ச் சேருவதற்குள் வியர்த்துக் கூழாகி, அடையாளம் காண ஒன்றும் மிஞ்சாது.